13 வாரக் கணக்கு

டி.வி. பார்க்க லைசன்ஸ் வாங்க வேண்டியிருந்த காலம் நம்மில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ரேடியோவுக்கு வருடம் 15 ரூபாய். டி.வி.க்கு 50 ரூபாய். தபால் ஆபீசில்தான் கட்ட வேண்டும். சின்னப் புத்தகம் ஒன்று கொடுப்போம். அதில் லைசன்ஸ் ஸ்டாம்பை ஒட்டி, அதன்மேல் தேதி முத்திரை குத்தித் திருப்பித் தருவோம். 1978-ல் நான் தபால் இலாகாவில் சேர்ந்தபோது என் கைக்கு வந்த முதல் வேலைகளில் அது ஒன்று. லைசன்ஸ் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று யாராவது புரளி கிளப்பினால் போதும், ராயகிரியில் பாதி ரேடியோக்கள் குலுக்கைக்குள் போய்விடும்.

1980-களின் நடுவில் அரசாங்கம் இந்த லைசன்ஸை எடுத்துவிட்டது. ஒரு வேலை குறைந்தது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அதற்குப் பதிலாக வேறொன்று கூடியது. ஜனங்கள் டி.வி.க்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். 36 வருடம் ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் என்று மாறி மாறிப் பெட்டியைத் திறந்து கடிதம் பிரித்தவன் நான். எந்த நிகழ்ச்சியை ஜனங்களுக்குப் பிடித்தது, எது நின்றபோது வருத்தப்பட்டார்கள் என்பதை டி.வி.யைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

போன மாதம் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். அவள் செல்போனில் பார்க்கும் ஏதோ ஒரு தொடரை ஒரே சீசனோடு நிறுத்திவிட்டார்களாம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "ஒங்க காலத்துல இப்படி நிறுத்துவாங்களா தாத்தா?" என்று கேட்டாள். நிறுத்தினார்கள். யார் நிறுத்தினார்கள், எந்தக் கணக்கில் நிறுத்தினார்கள் என்பதுதான் வேறு. அதைச் சொல்லப் போய் சொல்லக் கூச்சப்படும் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது கடைசியில்.

நம் ஊரில் டி.வி. முதலில் பேசியது சிங்களம். சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் சென்னை அலை மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக்கு எப்படி எட்டும்? 1982 பிப்ரவரி 15-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. ஜப்பான் அரசாங்கத்தின் உதவியில் அமைந்த நிலையம். அந்த நாட்டிலேயே உயரமான பீதுருதாலகால மலையின் உச்சியில் டிரான்ஸ்மிட்டர். அங்கிருந்து இங்கே வரைக்கும் கடலும் கரிசல் காடும்தான், மறைக்க ஒன்றுமில்லை. உயரமான இரும்புக் குழாயில் ஆண்டெனாவைக் கட்டி, பூஸ்டர் வைத்துத் தென்கிழக்கே திருப்பினால் கொழும்பு தெரியும்.

எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டி.வி. மொட்டை மாடியில் ஒரு பையன் குழாயைப் பிடித்துத் திருப்புவான். கீழே இருந்து நாங்கள், "இன்னும் கொஞ்சம்... கொஞ்சம்... ஏ நிறுத்து, போயிருச்சு, திருப்பு" என்று கத்துவோம். பாதி நேரம் புள்ளி மழைதான். சிங்களம் ஒரு வார்த்தை புரியாது. தமிழ்ச் செய்தி வரும்போது மட்டும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்காரர் ஒருநாள் மாடிக்குப் போய் ஆண்டெனாவைக் கழற்றிக் கீழே இறக்கிவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான்கைந்து மாதம் கழித்து ஏதோ ஒரு கிரிக்கெட்டுக்காக மறுபடி மாட்டினார். அதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

1984-ல் டெல்லி வந்தது. இன்சாட்-1பி செயற்கைக்கோள் மேலே போய்ச் சேர்ந்திருந்தது. நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்று சொல்லி நாடு முழுக்கச் சின்னச் சின்னக் கோபுரங்களாக நட்டுக்கொண்டு போனார்கள். அவற்றில் வந்தது டெல்லி நிகழ்ச்சி மட்டும்தான். தமிழ் பார்க்கக் கொடைக்கானல் கோபுரம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது வந்ததும் தென்கிழக்கே பார்த்துக்கொண்டிருந்த ஆண்டெனாக்கள் எல்லாம் வடக்கே திரும்பின. வெள்ளிக்கிழமை இரவு 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. அது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். வருடத்துக்கு 52 வாரம். நாலாக வகுத்தால் 13. தூர்தர்ஷனில் தனியார் எடுத்த தொடர்களுக்கு இந்த 13 வாரம்தான் அளவுகோல். விளம்பரக் கம்பெனி பணம் கொடுக்கும், தயாரிப்பாளர் எடுப்பார், டெல்லி 13 வாரத்துக்கு அனுமதி கொடுக்கும். முடிந்ததும் நீட்டிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கொடுத்தால் இன்னும் 13. கொடுக்காவிட்டால் 'வணக்கம்'. கதை எங்கே நிற்கிறது, கதாநாயகிக்குக் கல்யாணம் ஆயிற்றா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது.

தொடர்களின் எண்ணிக்கையை எடுத்து வகுத்துப் பாருங்கள், எனக்கு இது ஒரு பொழுதுபோக்கு. 'ஹம் லோக்' 1984 ஜூலை 7-ல் தொடங்கி 1985 டிசம்பர் 17-ல் முடிந்தது. 156 பகுதிகள். அதாவது பன்னிரண்டு பதிமூன்று. 'ராமாயணம்' 78, ஆறு பதிமூன்று. 'மால்குடி டேஸ்' 39, மூன்று பதிமூன்று. 'மகாபாரதம்' மட்டும் 94, எதிலும் அடங்காது. வியாசர் விஷயம் அப்படித்தான் இருக்கும்.

'ஹம் லோக்' நமக்கு மொழி புரியாத தொடர். மெக்சிகோவில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்காக எடுத்த தொடரைப் பார்த்துவிட்டு, அதே வழியில் நம் நாட்டிலும் செய்யலாம் என்று ஆரம்பித்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து நம்மிடம் இரண்டு வார்த்தை பேசுவார். அந்தத் தொடருக்கு வந்த கடிதங்கள் நாலு லட்சத்துக்கும் மேல். படிக்கும்போது பிரித்து அனுப்பிய சார்ட்டர்களை நினைத்துக்கொண்டேன். சனங்கள் எழுதியதில் பெரும்பகுதி, அந்தக் குடும்பத்துப் பெண்களுக்குச் சொல்லும் புத்திமதியாம்.

கடிதம் எழுதித் தொடரைக் காப்பாற்ற முடியுமா? அமெரிக்காவில் முடிந்திருக்கிறது. 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொடர் 1966-ல் தொடங்கியது. இரண்டாம் வருடத்தோடு நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ரசிகர்கள் ஒன்றுசேர்ந்து லட்சத்துக்கும் மேல் கடிதம் போட்டார்கள். கம்பெனி பயந்துபோய் தொடரை நிறுத்தவில்லை என்று டி.வி.யிலேயே அறிவித்தது. அப்படியும் ஒரு வருடம்தான் கூடுதலாகக் கிடைத்தது. 1969-ல் 79 பகுதிகளோடு முடித்துவிட்டார்கள்.

நம் நாட்டில் கடிதத்தால் ஆகாதது துடைப்பத்தால் ஆயிற்று. 1987 ஜனவரி 25 ஞாயிற்றுக்கிழமை 'ராமாயணம்' தொடங்கியது. முதலில் 52 பகுதி என்றுதான் பேச்சு. ஜனங்கள் விடவில்லை, நீட்டி நீட்டி 78-க்குக் கொண்டுபோனார்கள். 1988 ஜூலை 31-ல் பட்டாபிஷேகத்தோடு மங்களம் பாடியாயிற்று. உத்தர காண்டம் கிடையாது. வால்மீகி முனிவரைத் தங்கள் குலகுருவாகக் கும்பிடும் துப்புரவுத் தொழிலாளர்கள் வடக்கே நிறையப் பேர். லவ குசர் கதையும் அதில் வால்மீகியும் வராமல் ராமாயணம் எப்படி முடியும் என்று கேட்டார்கள். பஞ்சாபிலும் வேறு சில ஊர்களிலும் வேலையை நிறுத்தினார்கள். குப்பை குவிந்தது. அரசாங்கம் இறங்கி வந்தது. அப்படித்தான் லவ குசர் கதை தனித் தொடராகப் பிறகு வந்தது.

அந்தச் செய்தியைத் தினமணியில் படித்த அன்று எங்கள் ஆபீசில் பெரிய வாக்குவாதம். ஒரு டி.வி. தொடருக்காக ஊரை நாற வைக்கலாமா என்று ஒருவர். மற்றவர் சொன்னார்: "தன் சாமி கதையை நடுவுல நிப்பாட்டுனா நீரு என்னவே செய்வீரு?" எனக்கு அன்றைக்கு முதலாமவர் சொன்னது சரியாகப் பட்டது. இன்றைக்கு இரண்டாமவர் சொன்னது சரியாகப் படுகிறது. இந்தத் தேசத்தில் எத்தனையோ பேர் பார்த்த நிகழ்ச்சியை முடிக்கக் கூடாது என்று சொல்லி, சொன்னதை நடத்தியும் காட்டியவர்கள் அவர்கள்தான்.

சீக்கிரம் நின்றது என்று நான் சொல்லும் வரிசையில் முதலில் வருவது 'மால்குடி டேஸ்'. ஆர்.கே. நாராயண் சென்னையில் பிறந்தவர். படங்கள் வரைந்தது அவர் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண். இசை நம் எல். வைத்தியநாதன். இயக்கியது கன்னட நடிகர் சங்கர் நாக். மால்குடி என்று ஓர் ஊர் கிடையாதே, அதனால் ஷிமோகா ஜில்லாவில் ஆகும்பே என்ற மழைக்காட்டுக் கிராமத்தையே மால்குடியாக்கிவிட்டார். இந்தியில் பேசினாலும் நமக்குப் புரிந்தது. சாமி என்ற பையன் பள்ளிக்கூடம் போகப் பயப்படுவதற்கு மொழி எதற்கு? அந்தப் பையனாக நடித்தவர் மாஸ்டர் மஞ்சுநாத், அப்பாவாக நடித்தவர் கிரீஷ் கர்னாட். தொடக்க இசை வரும்போது ராயகிரியில் வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்த பையன்கள் கூட அதையே முனகிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

39 பகுதியோடு நின்றது. இன்னும் எடுத்திருக்கலாம், நாராயணிடம் கதைக்கா பஞ்சம்? ஆனால் 1990 செப்டம்பர் 30-ல் தாவணகெரே பக்கத்தில் கார் விபத்தில் சங்கர் நாக் போய்விட்டார். வயது 35. பல வருடம் கழித்து, 2006-ல், கவிதா லங்கேஷ் மறுபடி எடுத்தார். நான் கொஞ்சம் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் போன மனுஷன் வீட்டில் வேறொருவர் குடியிருப்பது போல் இருந்தது எனக்கு.

'சுரபி'யைப் பற்றி ஒரு தபால்காரன் எழுதாமல் விடக் கூடாது. சித்தார்த் காக்கும் ரேணுகா ஷஹானேயும் சிரித்துக்கொண்டே நம் நாட்டுக் கலைகளையும் ஊர்களையும் காட்டிய நிகழ்ச்சி அது. கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்கள், பதிலைக் கார்டில் எழுதிப் போட வேண்டும். ஒரு கார்டு 15 பைசா. ஒரே வாரத்தில் 14 லட்சம் கடிதம் வந்தது. 15 பைசாக் கார்டு ஒவ்வொன்றிலும் இலாகாவுக்கு நஷ்டம்தான். தபால் இலாகா திணறிப்போய்ப் போட்டிகளுக்கென்றே தனிக் கார்டு அச்சடித்து 2 ரூபாய் விலை வைத்தது. ஒரு டி.வி. நிகழ்ச்சிக்காகத் தபால் இலாகா புதுக் கார்டு போட்டது என்று சொன்னால் பேத்தி நம்ப மாட்டேன் என்கிறாள். அந்தக் கார்டை விற்கும்போது, "பதினஞ்சு பைசா கார்டுல எழுதுனா பதில் தப்பாயிருமா?" என்று கேட்டவர்களுக்கு என்னால் விளக்கம் சொல்லி முடியவில்லை.

தமிழில் வந்ததைச் சொல்கிறேன். 1990-ஐ ஒட்டி கே. பாலசந்தர் தூர்தர்ஷனுக்கு 'ரயில் சிநேகம்' எடுத்தார். வி.எஸ். நரசிம்மன் இசையில் சித்ரா பாடிய பாட்டு ஒன்று அதில் உண்டு. தொடர் முடிந்து எத்தனையோ வருடமாயிற்று, நம் வயதுப் பெண்களிடம் அந்தப் பாட்டைச் சொன்னால் இப்போதும் முகம் மாறும். கொஞ்ச வாரம்தான் ஓடியது. பெரிய சினிமா டைரக்டர் ஒருவர் சின்னத் திரையைக் கீழாக நினைக்காமல் வந்தது அப்போது பெரிய விஷயம்.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. தொடங்கியது. நம் ஊருக்குக் கேபிள் வர இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆனது. கேபிள்காரர் தென்னை மரத்திலும் வேப்ப மரத்திலும் ஒயரைச் சுற்றிக்கொண்டே போனார். காற்றடித்தால் படம் போய்விடும். அந்த ஒயர் வழியாகத்தான் 'மர்ம தேசம்' வந்தது. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து. அதிலும் 'விடாது கருப்பு' ஓடிய காலத்தை மறக்க முடியுமா? நமக்கோ ஊருக்கு ஊர் கருப்பசாமி. தொடர் ஓடும் நாளில் இருட்டிய பிறகு ஊரணிக்கரைப் பக்கம் தனியாகப் போகப் பெரிய ஆட்களே யோசித்தார்கள். எங்கள் ஆபீசுக்கு வந்த ஒரு பெரியவர், "அந்த டி.வி.க்காரங்ககிட்ட சொல்லுங்க, கருப்பன வச்சு வெளையாடப்பிடாது" என்று என்னிடம் புகார் சொன்னார். ஆனால் ஒரு வாரமும் பார்க்காமல் விடவில்லை.

வாரம் ஒருநாள் வரும், கதை முடிந்தால் முடிந்துவிடும். ஆறு நாள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். அதுதான் அந்தக் காலத் தொடர். 1999 டிசம்பரில் 'சித்தி' தொடங்கியது, தினமும். ராதிகாவின் ராடான் நிறுவனம் எடுத்தது. 2001 நவம்பர் வரை 460-க்கும் மேற்பட்ட பகுதிகள். அதற்குப் பின் வந்த 'மெட்டி ஒலி' 800-ஐத் தாண்டியது. இரண்டையும் எங்கள் வீட்டில் பார்த்தோம், நானும் பார்த்தேன், குறை சொல்லவில்லை. ஆனால் 13 வாரக் கணக்கு அத்தோடு முடிந்தது. காரணம் சுலபம். தினத் தொடருக்கு ஒரு வீடு, ஒரு சோபா, ஒரு மாடிப்படி போதும். அதே நடிகர்கள், அதே வெளிச்சம், ஒருநாளில் இரண்டு பகுதி கூட எடுத்துவிடலாம். வாரத்துக்கு ஒரு கதை என்றால் ஒவ்வொரு தடவையும் புது இடம், புது ஆள், புது யோசனை. விளம்பரக்காரருக்கோ ஆட்கள் தினம் அதே நேரத்துக்கு வந்து உட்கார வேண்டும். இதில் எது ஜெயிக்கும் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம்.

தோற்றுப்போனதில் ஒன்றுதான் 'கதை நேரம்'. பாலு மகேந்திரா எடுத்தது. மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் பிறந்தவர், பூனா இன்ஸ்டிட்யூட்டில் கேமரா படித்தவர், 'மூன்றாம் பிறை' எடுத்தவர். அவர் 'சித்தி' ஓடிய அதே காலத்தை ஒட்டி, அதே சன் டி.வி.யில், தமிழ்ச் சிறுகதைகளை எடுத்து வாரம் ஒன்றாக அரைமணி நேரப் படமாக்கினார். சுஜாதா, மாலன் என்று பல எழுத்தாளர்களின் கதைகள். பல கதைகளில் மௌனிகா நடித்தார். மொத்தம் 52 கதை. நாலு பதிமூன்று. அத்தோடு நின்றது.

நிற்க. இனிமேல் என் அக்கா கதை.

அக்கா எட்டாவது வரை படித்தவர். இரண்டு பெண்பிள்ளைகளோடு இளவயதிலேயே தாலியறுத்து வீட்டுக்கு வந்துவிட்டார். தம்பி சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறான், அவன் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்துவிடலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பீடி சுற்றினார். விடிகாலையில் இலை நனைத்து, வெட்டி, தட்டை மடியில் வைத்தால் நாளுக்கு ஆயிரம் பீடி. அந்த ஆயிரத்தில்தான் இரண்டு பிள்ளைகளையும் பிளஸ் டூ வரை படிக்க வைத்தார்.

பீடி சுற்றுகிறவர்களுக்கு ரேடியோ வசதி. கண் தட்டில் இருக்கும், காது அங்கே இருக்கும். மெகா சீரியலும் அப்படித்தான், திரும்பிப் பார்க்காமலே யார் அழுகிறார்கள், யார் மிரட்டுகிறார்கள் என்று தெரிந்துவிடும். 'கதை நேரம்' அப்படி இல்லை. அதில் பேச்சு குறைவு. ஒரு பெண் ஜன்னலோரம் நிற்பாள், வெளிச்சம் முகத்தில் விழும், ஒன்றும் பேச மாட்டாள். பார்த்தால்தான் உண்டு. அதனால் அந்த அரைமணி நேரம் மட்டும் அக்கா தட்டை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிடுவார். இரண்டு கட்டு, அதாவது 50 பீடி குறையும். அதை ஈடுகட்ட அன்றைக்குத் தூங்கப் போவது தாமதமாகும். வேறு எதற்காகவும் அக்கா தட்டைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. சாவு வீட்டுக்குப் போய் வந்த அன்று கூட ராத்திரி உட்கார்ந்து சுற்றியவர்.

தொடர் நின்ற மறுவாரம், அதே நேரத்துக்கு அக்கா தட்டை இறக்கி வைத்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தார். வேறு ஏதோ வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு மூன்று நாள் கழித்து ஓர் இன்லண்ட் லெட்டரை என்னிடம் நீட்டினார்.

"ஏல தம்பி, இத மெட்ராசுக்குப் போட்டுருதியா?"

"யாருக்குக்கா?"

"அந்தக் கதை எடுக்கவருக்கு."

மேலே 'உயர்திரு பாலு மகேந்திரா அவர்கள், டி.வி. கதை எடுப்பவர், சென்னை' என்று மட்டும் எழுதியிருந்தது. கதவு எண் இல்லை, தெரு இல்லை, பின்கோடு இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன். "சரியான விலாசம் கண்டுபிடிச்சு எழுதிப் போட்டுருதேன்க்கா" என்று சொல்லி வாங்கிப் பையில் வைத்தேன். ஒரு மாதம் கழித்து, "பதில் வந்துச்சால?" என்று கேட்டார். வரும் என்றேன். இன்னொரு தடவை கேட்டார். "அவங்களுக்கு எவ்வளவோ சோலி இருக்கும்க்கா" என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

2014 பிப்ரவரி 13-ல் பாலு மகேந்திரா இறந்தார். நான் ரிட்டயர் ஆனதும் அதே வருடம்தான். டி.வி.யில் செய்தி ஓடியபோது அக்கா, "இவருதானல அந்தக் கதையெல்லாம் எடுத்தவரு" என்றார். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கா 2019-ல் போய்விட்டார்.

போன மாதம் பேத்திக்கு அந்த லைசன்ஸ் புத்தகத்தைக் காட்டலாம் என்று பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அப்பாவின் ரேடியோ லைசன்ஸ் புத்தகத்துக்குள் அந்த இன்லண்ட் லெட்டர் இருந்தது. நானே வைத்திருக்கிறேன். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

விலாசம் போதாது என்று சொன்னேன் அல்லவா? அது பொய். மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஊர்ப் பேரும் பிரபலமான ஆள் பேரும் மட்டும் எழுதிய கடிதங்களைச் சென்னைத் தபால்காரர்கள் தினம் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 'சிவாஜி கணேசன், சென்னை' என்று எழுதினால் போகாதா? பெட்டியில் போட்டிருந்தால் போயிருக்கும். 36 வருட சர்வீசில் ஒரு மணியார்டர் தவறியதில்லை, ஒரு ரிஜிஸ்டர் தபால் மாறிப் போனதில்லை என்று ரிட்டயர்மெண்ட் பாராட்டு விழாவில் மைக்கில் சொன்னார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு மாலையை வாங்கிக்கொண்டேன்.

பேத்தியை வைத்துக்கொண்டு கடிதத்தைப் பிரித்தேன். தொடரை நிறுத்தாதீர்கள் என்று எழுதியிருப்பார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. வணக்கம் சொல்லியிருக்கிறார். தான் பீடி சுற்றுகிறவள் என்றும் கதைகள் நன்றாக இருந்தன என்றும் இரண்டு வரி. 'கடைசிக்கு முந்தின வாரம் காட்டின கதையில் பாதியில் எங்கள் ஊரில் கரண்டு போய்விட்டது. வந்தபோது கதை முடிந்துவிட்டது. முடிவு என்ன என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டால் போதும். திரும்பக் காட்ட வேண்டாம், உங்களுக்குச் செலவு.' கீழே கையெழுத்து, விலாசம். விலாசத்தில் பின்கோடு சரியாகப் போட்டிருந்தார்.

பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. செல்போனை எடுத்து, 'கதை நேரம்' யூடியூபில் இருக்கிறது என்று தேடிக் கொடுத்தாள். எல்லாம் இல்லை, நிறைய இருக்கிறது. தூர்தர்ஷன் காலத்து ஒளிநாடாக்களுக்கு இந்தக் கொடுப்பினை கூட இல்லை. நாடா விலை அதிகம் என்று பழையதை அழித்து அதன் மேலேயே புதியதைப் பதிவது அப்போது உலகெங்கும் வழக்கம். இங்கிலாந்தில் பி.பி.சி. அப்படித்தான் 'டாக்டர் ஹூ' தொடரில் எத்தனையோ பகுதிகளைத் தொலைத்துவிட்டு இன்றுவரை தேடுகிறது. நம் பக்கத்து மலையின் பெயரைத் தாங்கியிருந்த பொதிகை தொலைக்காட்சி கூட 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் ஆகிவிட்டது.

சங்கடம் என்னவென்றால், யூடியூபில் கதைகள் ஒளிபரப்பான வரிசையில் இல்லை. கடைசிக்கு முந்தின வாரக் கதை எது என்று கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை. அக்கா கதையின் பெயரை எழுதவில்லை. பாதியில் பார்த்த கதை என்பதால் பெயர் மறந்திருக்கலாம். உங்களில் யாராவது அந்தக் காலத்தில் அதை விடாமல் பார்த்திருந்து, கடைசியில் வந்த இரண்டு மூன்று கதைகள் எவை என்று ஞாபகம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அதுவரை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாக, முடிவு வரை பார்த்துக்கொண்டு வருகிறேன். நேற்றோடு 17 கதை ஆகியிருக்கிறது.